இடரும் கோலும்: பாசிர் கூடாங்கை முன்னிறுத்தி ஒரு மறுவாசிப்பு

2019ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் ஓடும் சுங்கை கிம் கிம் ஆற்றில் நச்சு வேதியியல் கழிவு கொட்டப்பட்டது. ஆற்றுக்கு அண்மையிலிருந்த பள்ளிகளின் மாணவர்கள் மூச்சுத்திணறலும் வாந்தியும் மயக்கமும் கொண்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நிலைமை தணிந்துவிட்டதாகக் கருதப்பட்ட வேளையில், 11ஆம் நாள் இரண்டாம் அலையாகப் பாதிப்பு பரவிற்று. 13ஆம் நாள் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. மருத்துவம் நாடியோர் தொகை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. மறுநாள் அங்கு வருகை புரிந்த அன்றைய பிரதமர் துன் டாக்டர் மகாதீர் முகமது, நிலைமை கட்டுக்குள் இருப்பதாகவும் அவசரநிலையை அறிவிக்கத் தேவையில்லை என்றும் கூறினார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலும் அதே வட்டாரப் பள்ளி மாணவர்கள் மீண்டும் நோயுற்றனர். பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன.

இந்நிகழ்வுகளைச் செய்தியாக அறிந்த நமக்கு, அவ்வட்டாரத்தில் பணிபுரியும் தமிழாசிரியர் ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. மன்னன் முறைதவறின் மழை பெய்யாது என்னும் திருக்குறட் கருத்தை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, "அப்படியானால் எங்கள் ஆறு யாரால் கெட்டது?" என்று மாணவன் ஒருவன் கேட்டானாம். "அது அக்கால நம்பிக்கை என்று சொல்லிக் கடந்துவிட்டேன். ஆனால் நான் சொன்னது சரியா?" என்று ஆசிரியர் நம்மிடம் வினவினார். சரியன்று என்பதே நம் முடிவு. அதற்கான காரணங்களை நூல்வழி நிறுவ முற்படுகின்றோம்.

முதலில் ஒரு தடையை நீக்குதல் வேண்டும். சுங்கை கிம் கிம் நிகழ்வு மனிதர் செய்த கேடாயிற்றே, அதனை மழைபொய்த்தல், வெள்ளம், கடல்கோள் ஆகிய இயற்கை இடர்களோடு ஒருங்கு வைத்து நோக்கலாமா எனச் சிலர் வினவக்கூடும். இன்றைய நிருவாக மொழி இயற்கை இடர், மனிதரால் நேரும் இடர் என இருவகை செய்கின்றது. பழந்தமிழ் நூல்கள் இவ்வாறு கோடு கிழிக்கவில்லை. அவற்றில் எந்த இடரும் முற்றிலும் இயற்கையானதன்று. வானம் பொய்த்தாலும் ஆறு பெருகினாலும் கடல் புகுந்தாலும், ஆள்வோனைப் பற்றிய ஒரு வினா அங்கே எழுந்தே தீர்கின்றது. இதனைப் பழமைவாதம் என்று ஒதுக்குவதற்கும் இயலவில்லை. 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தைப் பற்றி, 2018இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து ஒரே காலத்தில் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதைச் சுட்டி, அதனை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே குறித்தது. பெய்தது மழைதான். எனினும் வினா மழையோடு நிற்கவில்லை.

இனித் திருக்குறளை நோக்குவோம். இடர்த்தடுப்பு எனும் பொருளில் மேடைகளிலும் வகுப்புகளிலும் பெரிதும் எடுத்தாளப்படுவது, நெருப்பின்முன் வைத்த வைக்கோற்போரை உவமையாக்கும் 435ஆம் குறள். வெள்ளம் வருமுன் வாய்க்காலைத் தூர்வார வேண்டும், தீ வருமுன் தண்ணீர் சேமிக்க வேண்டும் என்றவாறு அதற்குப் பொதுவிளக்கம் தரப்படுகின்றது. ஆனால் அக்குறள் அமைந்துள்ள அதிகாரம் 'குற்றங்கடிதல்'. அரசியலில் வரும் அதிகாரம் அது. செருக்கு, சினம், சிறுமை, ஈயாமை முதலான அரசனுடைய குற்றங்களையே அவ்வதிகாரம் பேசுகின்றது. பரிமேலழகரும், வரவிருப்பது குற்றம் என்றும் அழிவது அரசனது வாழ்க்கை என்றும் தெளிவாகவே உரை கூறுகின்றார். அதாவது, காத்துக்கொள்ளுமாறு வள்ளுவர் கூறுவது புறத்தே வரும் வெள்ளத்தை அன்று. ஆள்வோன் தன்னிடத்துத் தோன்றும் பிழையை. நாம் அக்குறளைக் குடிமக்களுக்குரிய முன்னெச்சரிக்கைப் பாடமாக மாற்றிவிட்டோம். ஆள்வோரை நோக்கிச் சொல்லப்பட்டதை ஆளப்படுவோர்மேல் திருப்பிவிட்ட இப்பிழையில் பாடநூலாசிரியர்க்கும் பயிற்சி நூல் எழுதுவோர்க்கும் பங்குண்டு. நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தோம்.

'கொடுங்கோன்மை' அதிகாரத்தின் 553ஆம் குறள் இங்குக் கூடுதல் கவனத்திற்குரியது. நாட்டில் நிகழ்வனவற்றை நாள்தோறும் ஆராய்ந்து முறைசெய்யாத மன்னவன் நாள்தோறும் தன் நாட்டை இழக்கின்றான் என்பது அதன் கருத்து. 'நாள்தோறும்' என்பது இருமுறை வருகின்றது. கொடுங்கோல் என்றவுடன் வாளையும் சிறையையும் எண்ணும் நாம், அன்றாட ஆய்வைக் கைவிடுதலும் கொடுங்கோன்மையே என்று வள்ளுவர் கொள்வதைக் கவனிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் தொழிற்சாலைகள் நிறைந்த ஓர் ஊரில் கழிவு எங்குச் செல்கின்றது என்று நாள்தோறும் நாடாமை, இக்குறளின் நோக்கில் வெறும் நிருவாகத் தளர்ச்சியன்று. மழை பொய்க்கும் என்னும் 559ஆம் குறளும் இதே அதிகாரத்திலேயே உள்ளது. ஆசிரியர் வகுப்பில் 553ஐ விட்டு 559ஐ மட்டும் எடுத்தால் அது நம்பிக்கையாகத் தோன்றும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் காரணகாரியம் புலப்படும்.

இக்கருத்தின் வேரைப் புறநானூற்றின் 35ஆம் பாடலில் காணலாம். வெள்ளைக்குடி நாகனார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடியது அது. பாடலின் முற்பகுதி வழக்கமான புகழ்ச்சியே: மூவேந்தருள்ளும் சோழனே சிறந்தோன், காவிரி அவன் நாட்டை ஊட்டுகின்றது. பிறகு தொனி மாறுகின்றது. முறைவேண்டி வருவோர்க்கு உரிய காலத்தில் எளியனாக இரு என்கின்றார் புலவர். உன் வெண்குடை வெயில் மறைப்பதற்கன்று, குடிகளைக் காப்பதற்கே என்கின்றார். உன் படை பெறும் வெற்றி உழுபடையின் விளைவே என்கின்றார். இவற்றின் பின்னரே அந்தக் கூர்மையான செய்தி வருகின்றது: மழை பொய்த்தாலும், விளைச்சல் குறைந்தாலும், மக்கள் தொழிலில் இயல்பல்லாதவை தோன்றினாலும், இவ்வுலகம் அரசரையே பழிக்கும். இதனை நன்கறிந்து, கோள் சொல்வோரின் பொருளற்ற மொழியைக் கேளாது, ஏர்மாடுகளைப் பேணும் உழவரின் பாரத்தைத் தாங்கிக் குடிகளைக் காப்பாயாக என்று முடிக்கின்றார்.

ஜார்ஜ் ஹார்ட் போன்ற அறிஞர்கள் சங்ககால அரசனைத் தெய்வ ஆற்றலின் உறைவிடமாகக் கண்டு, மழைக்கும் விளைவுக்கும் அவனே பொறுப்பு எனும் எண்ணத்தை அப்பின்னணியில் விளக்கியுள்ளனர். அவ்விளக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் 35ஆம் பாடல் செய்வது வேறொன்று. உன்னால்தான் மழை பொய்த்தது என்று புலவர் கூறவில்லை. உலகம் உன்னைப் பழிக்கும் என்றே கூறுகின்றார். பழி உண்மையா என்ற வினாவுக்குள் அவர் புகவேயில்லை. மழையின்மைக்கு அரசன் காரணமோ இல்லையோ, அதற்குப் பின் அவன் செய்வது எது என்பதே அவர் கருத்து. காரணம் வேறு, பொறுப்பு வேறு என்னும் வேறுபாடு இங்கு ஓசையின்றி நிறுவப்படுகின்றது. பாடலின் அடிக்குறிப்பு இதற்குச் சான்று: நாகனார் இதனைப் பாடிப் பழைய செய்க்கடனை நீக்கச் செய்தார் என்கின்றது அது. நிலவரி நிலுவை தள்ளுபடியானது. பக்திப்பாடலன்று, புகழ்ப்பாடலும் அன்று. பயன் விளைந்த ஒரு முறையீடு. பழி எனும் அச்சுறுத்தலை நெம்புகோலாகக் கொண்டு புலவர் அரசனிடமிருந்து அளந்தறியத்தக்க ஒரு நடவடிக்கையைப் பெற்றார்.

இவ்வேறுபாட்டைக் கைக்கொண்டு பாசிர் கூடாங்கைப் பார்த்தால், கழிவைக் கொட்டியவர் யார் என்பது ஒரு வினா. 7ஆம் நாளுக்கும் 11ஆம் நாளுக்கும் இடையில் ஆற்றை நாடியவர் யார் என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு விடை கண்டவுடன் இரண்டாவது மறைந்துவிடுவதில்லை. நாட்டில் நடந்த உரையாடல் பெரும்பாலும் முதலாவதிலேயே தங்கிவிட்டது.

இது புதிய வழக்கமன்று. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறும் செய்தியை நினைவுகூர்க. நெடுஞ்செழியன் மாண்டு மதுரை எரிந்தபின் பாண்டிநாடு மழைவளம் இழந்து வறுமையும் நோயும் உற்றது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் நங்கைக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு விழவெடுத்தான், நாடு மழைபெற்றது. பிழை செய்த பொற்கொல்லன் ஒருவன். உயிர் இழந்தோர் ஆயிரவர். ஆராயாது ஆணையிட்ட பிழை அரண்மனையின் பிழை. பலியோ கொல்லர் தெருவிலிருந்து எடுக்கப்பட்டது. இப்பகுதியை நாம் வகுப்பில் விரைந்து கடக்கின்றோம். 'அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும்' என்னும் காப்பியக் கருத்துக்குச் சான்றாக நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர்துறந்ததை மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொல்கின்றோம். தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்ட அம்மன்னனின் பெருமையைக் குறைத்தல் நம் நோக்கமன்று. எனினும் காப்பியத்தை முழுமையாகப் படிப்போர் ஒன்றைக் காணாதிருக்க முடியாது: அவன் இறப்பால் கோவலன் மீளவில்லை, நகரம் எரியாதிருக்கவில்லை, பஞ்சம் வாராதிருக்கவுமில்லை. தலைவன் ஒருவன் அகல்வது பொறுப்பேற்றலின் ஒரு கூறே ஆகும். பஞ்சத்தை எதிர்கொள்ள வேண்டிய கடமை அடுத்தவன் தோளில் ஏறுகின்றது. அடுத்தவனோ பலியாட்டைத் தேடுகின்றான்.

சுங்கை கிம் கிம் வழக்கில் 2019இல் லோரி ஓட்டுநர் ஒருவரும் நிறுவன இயக்குநர் இருவரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். சட்டப்படி அது முறையே. கொற்கைப் பலியோடு அதனை ஒப்பிடுதல் தகாது. நாம் ஒப்பிட விழைவது ஆராய்ச்சி எவ்விடத்தில் நின்றுவிடுகின்றது என்பதையே. அன்றைய மந்திரி பெசார் ஒஸ்மான் சாப்பியான் அவ்வாண்டு ஏப்ரலில் பதவி விலகினார். அவ்விலகலை இவ்விடரோடு மட்டும் பொருத்திக் காட்டுவோர் உளர். அது மிகை. பல காரணங்கள் பேசப்பட்ட விலகல் அது. அவ்வாறே கொண்டாலும், ஜூன் மாதத்தில் குழந்தைகள் மீண்டும் மயங்கி விழுந்ததை அவ்விலகல் தடுக்கவில்லை. பாதிக்கப்பட்டோர் 160 பேர் பின்னர்த் தொடுத்த உரிமையியல் வழக்கில் நிறுவனங்களோடு மாநில அரசையும் கூட்டரசையும் எதிர்வாதிகளாகச் சேர்த்தனர். இதனை வெள்ளைக்குடி நாகனாரின் முறையீட்டுக்கு இன்றைய வடிவம் எனலாம். அரசவைப் புலவர் ஒருவர்க்கே அன்று கிடைத்த வாய்ப்பு இன்று குடியிருப்பாளர்க்கு நீதிமன்ற வாயிலில் கிடைக்கின்றது. முடியாட்சி நூல்களைக் கொண்டு மக்களாட்சியை அளக்கலாமா எனும் ஐயத்திற்கும் இதுவே நம் மறுமொழி.

மணிமேகலையில் இரு கிள்ளிகள் வருகின்றனர். அண்ணன் புகாரை ஆள்கின்றான். தம்பி இளங்கிள்ளி காஞ்சியை ஆள்கின்றான். பீலிவளை ஈன்ற தன் மகன் கலம் கவிழ்ந்து காணாமற்போனான் என்று கேட்ட புகார்க்கிள்ளி, மகனைத் தேடும் துயரில் இந்திரவிழாவை மறந்தான். கடல் புகுந்து நகரை விழுங்கிற்று. இதனைத் தெய்வச் சினம் என்று மட்டும் கூறுவோர், காப்பியத்தின் முதற்காதையை மறந்துவிடுகின்றனர். விழாவை மறந்தால் நாளங்காடிப் பூதம் இடர்செய்யும், சதுக்கப்பூதம் நகரைவிட்டு நீங்கும் என்ற எச்சரிக்கை விழாவறை காதையிலேயே அவையோரால் எடுத்துரைக்கப்பட்டது. எச்சரிக்கை இருந்தது; அவை அதனை அறிந்திருந்தது; உரிய காலத்தில் ஆள்வோன் மனம் வேறிடத்தில் இருந்தது. சாத்தனார் அவன் துயரை இகழவில்லை. மகனை இழந்தவன் துயருறுவது இயல்பு. ஆயினும் கடல் அத்துயருக்காகக் காத்திருக்கவில்லை.

2014 டிசம்பரில் கிழக்குக் கரை மாநிலங்களில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வெள்ளத்தால் இடம்பெயர்ந்தபோது, அன்றைய பிரதமர் நஜீப் ரசாக் ஹவாயில் அமெரிக்க அதிபர் ஒபாமாவுடன் கோல்ஃப் ஆடிய படம் வெளிவந்து கடுங்கண்டனம் எழுந்தது. விடுமுறையைச் சுருக்கிக்கொண்டு அவர் நாடு திரும்பினார். மகனைத் தேடியவனோடு இவரை ஒப்பிட்டால் கிள்ளிக்கு இழுக்கு. ஒன்றை மட்டும் குறிப்போம்: மக்கள் சினந்தது விளையாட்டை அன்று, இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமையை. இதனைச் சொல்லிக்காட்டும் பண்பாட்டு நினைவு நம் காப்பியத்திற்கும் பொதுவானது.

தம்பி இளங்கிள்ளியின் நடத்தை வேறு. காஞ்சியில் மழை பொய்த்துப் பஞ்சம் பரவிய காலத்தில் மணிமேகலை அமுதசுரபியோடு அங்குச் செல்கின்றாள். அவளை எதிர்கொண்ட மன்னன் முதலில் எழுப்பும் வினா தன்னைப் பற்றியதே: என் செங்கோல் கோடிற்றோ? அதன் பின்னரே தவம் பிழைத்ததோ, மகளிர் கற்புக் குறைந்ததோ எனப் பிற காரணங்களை அடுக்குகின்றான். இவ்வரிசை நம் கருத்தை ஈர்க்கின்றது. மகளிரைக் காரணமாக்கும் இறுதிப்பகுதி இன்று நமக்கு உடன்பாடன்று. ஆயினும் ஐயத்தின் முதல் விரல் தன் நெஞ்சை நோக்கியே நீள்கின்றது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் வந்து மீட்புப்பணி தாமதித்ததாகக் கண்டனம் எழுந்தபோது, அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி குறைபாடுகள் இருந்ததை ஒப்புக்கொண்டார். கூடவே, மாவட்ட நிலைக்கும் மாநில அரசுக்கும் பொறுப்புண்டு என்றும் குறிப்பிட்டார். நிருவாக அமைப்பின்படி அது தவறான கூற்றன்று. 1997ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் கட்டளை இடர் மேலாண்மையை மாவட்டம், மாநிலம், கூட்டரசு எனும் மூன்று நிலைகளில் வகுத்தது. நிலைகள் மூன்றானால் பொறுப்பும் மூன்றாய்ப் பிரிந்து ஒன்றுமில்லாமற் போகுமா என்பதே நீரில் நின்றவர்கள் கேட்டது.

இளங்கிள்ளியின் சிறப்பு வினாவோடு முடியவில்லை என்பதையும் கூறவேண்டும். மணிபல்லவத்துப் பொழிலையும் பொய்கையையும் போல ஒன்றைத் தன் நகரில் அமைத்திருந்தான். மணிமேகலை அங்கிருந்தே பசித்தோர்க்கு உணவளித்தாள். இறையனார் களவியல் உரை கூறும் பாண்டியனோ பன்னீராண்டு வற்கடம் வந்தபோது, புலவரை அழைத்து, உங்களைப் புறந்தர இயலவில்லை, நாடு நாடாகியபின் வாருங்கள் என்று அனுப்பிவைத்தான். இயலாமையை மறைக்காத நேர்மை அதிலுண்டு. பாசிர் கூடாங்கின் பள்ளிகள் மூடப்பட்டதும் அத்தகைய செயலே; வேறு வழி அப்போது இல்லை. ஆனால் புலவர்க்குச் செல்ல வேறு நாடிருந்தது. மாணவர்கள் அனுப்பப்பட்ட வீடுகளும் அதே ஆற்றங்கரையில்தான் இருந்தன.

இடர்க்காலத்தில் அரசும் குடியும் கொள்ளும் உறவைத் தமிழில் மிக நுட்பமாகச் சொல்வது, நாம் பக்திக்கதையாக மட்டும் கேட்டுப் பழகிய மண் சுமந்த வரலாறு என்பது நம் துணிபு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், மாணிக்கவாசகரைப் பாண்டியன் ஒறுத்ததன் விளைவாக வையை பெருகுகின்றது. அரசன் பிழையால் வெள்ளம்; கரையடைக்கும் வேலையோ நகர மாந்தர் அனைவர்க்கும் அளந்து பங்கிடப்படுகின்றது. பங்கீடு சமமானது, ஆகையால் நேர்மையானது என்று அலுவலர் கருதியிருப்பர். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி தனியள், முதியவள். அவள் பங்கைச் சுமக்க ஆளில்லை. சமப்பங்கீடு அவளுக்கு அநீதியாகின்றது. கூலியாளாக வந்த இறைவன் வேலையில் தவற, மன்னன் பிரம்பால் அடிக்கின்றான். அவ்வடி மன்னன் முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுகின்றது.

அடிபட்டவன் இறைவன் என்பதில் நாம் மெய்சிலிர்த்து நின்றுவிடுகின்றோம். அதற்கு முன் நடந்தது கண்காணிப்பு: எந்தப் பங்கு அடைபடவில்லை என்று அலுவலர் கண்டறிந்து மேலே தெரிவித்தனர். வந்தியின் குடிசை அவர்கள் கண்ணிற் பட்டது குறையாக மட்டுமே. அவள் ஏன் அடைக்கவில்லை என்று கேட்டவர் எவருமிலர். பிறகே பிரம்பு எழுந்தது.

பாசிர் கூடாங்கின் வரலாறு இங்கு நினைவுக்கு வருகின்றது. மீனவர் கிராமங்களாயிருந்த அப்பகுதி எழுபதுகளில் தொழிற்பேட்டையாக்கப்பட்டது. 1977இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு முதல் 2008 வரை அதன் ஊராட்சி அதிகாரம், நிலத்தை மேம்படுத்திய மாநில வளர்ச்சிக் கழகத்திடமே இருந்தது. தொழிற்சாலைக்கு நிலம் அளித்ததும் அதுவே. தொழிற்சாலை அயலில் வாழ்ந்தோரின் ஊராட்சியும் அதுவே. 2008இல் நகராண்மைக் கழகமும் 2020இல் மாநகர் மன்றமும் அமைந்தன. எனினும் நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டபின் மீட்கப்படாமையால், ஆற்றங்கரைக் குடியிருப்பாளர் தம் வாக்கால் தேர்ந்தெடுத்த உறுப்பினர் எவரும் அம்மன்றங்களில் இருந்ததில்லை. முறைவேண்டி வருவோர்க்கு எளியனாயிரு என்ற நாகனாரின் சொல்லை யாரிடம் கொண்டுசெல்வது? மந்திரி பெசாரிடமும் பிரதமரிடமும்தான். அதனாற்றான் ஓர் ஊரின் ஆற்றுப் பிரச்சினைக்கு விடைகூற நாட்டின் பிரதமரே வரவேண்டியிருந்தது என்று நாம் கருதுகின்றோம்.

2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, உச்சத் தண்டம் ஒரு கோடி ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. பிரம்பு வலுவடைந்துள்ளது. இதனை வரவேற்கின்றோம். ஆனால் அப்பிரம்பு இன்னும் ஒரு திசையில்தான் விழுகின்றது. நாள்தோறும் நாடத் தவறியவர்மேல் விழுவதற்கு அச்சட்டத்தில் வழி வகுக்கப்படவில்லை.

மீண்டும் அவ்வாசிரியரின் வகுப்பறைக்கு வருவோம். 559ஆம் குறளை நம்பிக்கை என்று கடந்தது பிழையெனின், வேறெவ்வாறு கற்பிப்பது? நாம் அவருக்குச் சொன்னது எளிய ஒன்றே: 553ஐயும் சேர்த்துக் கற்பியுங்கள், புறநானூற்றின் 35ஆம் பாடலின் பொருளை உரைநடையில் சொல்லி, அதன் அடிக்குறிப்பைக் கரும்பலகையில் எழுதுங்கள். பின்னர் மாணவரையே நாகனாராக்கி, ஓர் ஆட்சியாளர்க்கு முறையீட்டுக் கடிதம் வரையச் செய்யுங்கள். சில வாரங்கள் கழித்து அவர் அக்கடிதங்களுள் சிலவற்றை நமக்குக் காட்டினார். பெரும்பாலானவை ஆற்றைத் தூய்மையாக வைத்திருக்குமாறு வேண்டின. ஒரு மாணவி மட்டும், மார்ச் 7ஆம் நாளுக்கும் 11ஆம் நாளுக்கும் இடைப்பட்ட நாள்களைத் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கோடிட்டு, நிரப்பித் தருமாறு கேட்டிருந்தாள்.